பூஜையில் வைத்த குரல்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இந்த வேலைக்கு அது ஆகவே ஆகாது என்று சேர்ந்த புதிதில் சொன்னார்கள். மறுவாழ்வு ஆலோசகர் என்றால் பொறுமையே உருவாக இருக்க வேண்டுமாம். நான் ஒரு காலில் நடக்க உதவும் இரும்புக் காலிப்பரையும் மூக்கு நுனியில் கோபத்தையும் மாட்டிக்கொண்டுதான் தினமும் காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்புகிறேன். சின்ன வயதில் போலியோவில் போன கால் அது. வண்டி, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். கழுத்தில் தொங்கும் அட்டையில் என் பதவியை நீளமாகப் போட்டிருக்கிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை. போகிற ஊரிலெல்லாம் எனக்கு ஒரே பெயர்தான்: டீச்சர்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலோ கையோ கண்ணோ காதோ ஒத்துழைக்காத ஒருவருக்கு எந்தக் கருவி உதவும் என்று பார்க்க வேண்டும். அது அவர் கைக்கு வந்து சேர வழி செய்ய வேண்டும். பிறகு அதோடு அவர் பழகும் வரை விடாமல் போய்வர வேண்டும். கருவி கொடுப்பது ஒரு நாள் கூத்து. மேடை போட்டு, மாலை போட்டு, போட்டோ எடுத்தால் முடிந்துவிடும். அதற்கு அப்புறம்தான் எனக்கு வேலையே ஆரம்பிக்கிறது.

எங்கள் பக்கத்து ஜனங்கள் கருவியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கதை நேர்மாறு. இங்கே மரியாதை ஜாஸ்தி. கல்வராயன் மலையில் சாமை விதைக்கிற ஒரு பெரியவருக்குக் காது மெஷின் கொடுத்திருந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்கூட்டரை உறுமவிட்டு மேலே போய்ப் பார்த்தால், மனிதர் காது கேட்காமலேயே உட்கார்ந்திருக்கிறார். மெஷின் எங்கே என்று சைகையில் கேட்டேன். உள்ளே போய், மனைவியின் மூக்குத்தி டப்பாவைத் திறந்து, பஞ்சில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். "நல்ல காதாச்சே டீச்சர். தெனம் போட்டா தேஞ்சிப் போவாதா? திருவிழாவுக்குப் போட்டுக்கறேன்" என்றார். நான் மலையே அதிரக் கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. சக்கர நாற்காலிக்கு வந்த பாலிதீன் உறையைக் கிழிக்காமல் அப்படியே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. புதுப் பொருளின் உறையைக் கிழிக்க நம் ஆட்களுக்கு மனசே வராது. இந்த மரியாதைதான் என் முதல் எதிரி என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் அது ஒரு நாள் சந்தனம் குங்குமத்தோடு என் முன்னால் வந்து நிற்கும் என்று தெரியாது.

வடக்கனந்தலில் கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பம் அது. வீடு கொல்லையிலேயே, அதாவது அவர்கள் வயலிலேயே இருந்தது. வீட்டுக்கு எதிரே மோட்டார் கொட்டகை. வீட்டில் வயதான அம்மா, விவசாயம் பார்க்கிற சின்ன அண்ணன், அவர் மனைவி, அப்புறம் அவள். பெரிய அண்ணன் சென்னையில் வேலையில் இருந்தார். அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் அவள் இன்னும் பாப்பாதான். பிறக்கும்போதே மூளைக்குப் போகிற காற்று கொஞ்ச நேரம் தடைப்பட்டதில் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. நாக்கும் அப்படியே. தொண்டையிலிருந்து சத்தம் வரும், சொல்லாக வராது. ஆனால் புத்தியில் ஒரு குறையும் கிடையாது. நான் முதல் நாள் அவள் எதிரில் உட்கார்ந்து, "நான் சொல்றது புரியுதுன்னா மேல பாரு, இல்லன்னா கண்ண மூடு" என்றேன். அவள் கூரையைப் பார்த்தாள். அப்புறம் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பளிச் பளிச்சென்று பதில் வந்தது. பக்கத்தில் நின்ற அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். "இத்தினி நாளு ஒண்ணும் தெரியாதுன்னு இது எதிர்லயே எல்லாத்தியும் பேசிட்டமே" என்றார்.

அவளுக்கு இரண்டு கருவிகள் வந்தன. ஒன்று, முதுகையும் தலையையும் தாங்குகிற சக்கர நாற்காலி. இன்னொன்று ஒரு டேப், பலகை மாதிரி பெரிய போன். அதன் திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும். ஒரு படத்தை அமுக்கினால் அதற்குரிய சொல்லை டேப் பேசும்.

முதல் தடவை அவள் கை நடுங்க நடுங்கத் தண்ணீர்ச் சொம்பின் படத்தைத் தொட்டாள். டேப் கணீரென்று பேசியது. "எனக்குத் தாகமாக இருக்கிறது. தயவுசெய்து தண்ணீர் தாருங்கள்." அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இன்னா டீச்சர் இது, வூட்டுக்குள்ள நியூஸ் வாசிக்கிறா!" அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கை முட்டியால் டேப்பைத் தள்ளிவிட்டாள். மறுபடி தொடவே இல்லை.

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. எங்கோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, தயவுசெய்து என்று சொல்லித்தான் ஒரு பெண் வீட்டில் தண்ணீர் கேட்பாள் என்று முடிவு செய்த ஆள் மேல்தான் வந்தது. தமிழில் பேசுகிறது, சரி. யார் வீட்டுத் தமிழ்? உள்ளே நம் குரலையே பதிந்து வைக்க வழி இருந்தது. அதனால் அவளுக்கு ஒரு குரல் தேடிக் கிளம்பினேன்.

அண்ணியின் குரலைப் பதியலாம் என்றால், அடுப்படியிலிருந்து பேசுவது யார், வாசலிலிருந்து பேசுவது யார் என்று குழப்பம் வரும். எனக்குத் தெரிந்த பெண்கள் சிலரிடம் நாலைந்து வார்த்தைகளைச் சொல்லச் சொல்லிப் பதிந்தேன். அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர், ஒரு நர்ஸ், ஒரு கல்லூரி மாணவி. கடைசியாகக் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சித்தாள் வேலைக்குப் போகிற ஓர் அக்கா. விஷச் சாராயத்தில் அவர் தம்பியின் கண்பார்வை போய்விட்டது. தம்பிக்கு வெள்ளைக் கோலும் பேசுகிற போனும் பழக்கப் போய்த்தான் அந்த அக்கா எனக்குப் பழக்கம். கீழே நின்று மூன்றாவது மாடிக் கொத்தனாருக்குக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை அவருக்கு.

எல்லாக் குரலையும் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அங்கன்வாடிக்குக் கண்ணை மூடினாள். நர்ஸுக்கும் மாணவிக்கும் அதே. கருணாபுரத்து அக்கா "இன்னா?" என்று கேட்டதும் அவள் கண் கூரைக்குப் போய் அங்கேயே நின்றது.

"ஐயே, சண்டக்காரி கொரலா இல்ல இருக்குது" என்றார் அம்மா.

அவள் இன்னும் மேலே பார்த்தாள். முப்பது வருசம் பேசாமல் இருந்தவள் சாந்தமான குரலையா கேட்பாள்?

அந்த அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்காக உட்கார்ந்தார். எந்தெந்த வார்த்தை என்று அவளையே கேட்டு வந்திருந்தேன். சோறு தண்ணீர் எல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம். உப்பு கம்மி. சும்மா இரு. நானு சொல்றேன். மாட்டேன். இதெல்லாம்தான் முதலில் வேண்டியிருந்தது. எல்லாம் பதிந்து முடித்ததும் அந்த அக்கா, "போய்ட்டு வா அப்டின்னு ஒண்ணு போடு டீச்சர்" என்றார்.

"வூட்லயே இருக்கிறவ, அவ யார அனுப்பி வைக்கப் போறா?"

"வூடுன்னு இருந்தா நாலு பேரு வருவாங்க, போவாங்க. சொல்ல வேணாமா?" என்று அவரே பொத்தானை அமுக்கிச் சொல்லி முடித்துவிட்டார். சரி, ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

அடுத்த தொல்லை அவள் கை. ஒரு படத்தைத் தொடப் போனால் நடுக்கத்தில் நாலு படம் அமுங்கும். திரை மேல் வைக்க, கட்டத்துக்கு ஒரு ஓட்டை போட்ட கெட்டியான கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பலகை வேண்டும். வெளியூரிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் வண்டிக்கு நம்பர் பிளேட் செய்கிறவரிடம் டேப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அளவெடுத்து, வெட்டி, ஓரம் கையைக் கிழிக்காமல் தேய்த்துக் கொடுத்தார். அதன் பிறகு அவள் இடது கையைப் பலகை மேல் ஊன்றிக்கொண்டு, விரல் முட்டியை ஓட்டைக்குள் இறக்கிப் பேசப் பழகினாள். சுலபமாக வரவில்லை. ஒரு வார்த்தைக்கு முகமெல்லாம் வேர்க்கும். நான் திட்டுவேன். அவள் "சும்மா இரு" பொத்தானை அமுக்குவாள். இப்படியே இரண்டு பேரும் சண்டை போட்டு, கரும்பு ஒரு வெட்டு முடிவதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வீட்டு வாழ்க்கையே அதற்கப்புறம் மாறிப்போனது. எங்கள் பக்கம் மோட்டாருக்கான த்ரீபேஸ் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொட்டகைச் சுவரில் மூன்று பல்பு மாட்டியிருப்பார்கள். மூன்றும் எரிந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். கொல்லையில் எங்கேயோ குனிந்து நிற்கிறவனுக்கு அது தெரியாது. அவளோ பகலெல்லாம் அந்தப் பல்புகளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருசமாக எல்லோருக்கும் முன்னால் அவளுக்குத் தெரிந்த சேதி அது, சொல்லத்தான் வழியில்லை. அதற்கென்று அந்த அக்காவிடமே பதிந்து வந்து ஒரு பொத்தான் போட்டுக் கொடுத்தேன். சின்ன அண்ணன் தன் டிராக்டரில் பாட்டுக் கேட்க வைத்திருந்த ஸ்பீக்கரைக் கழற்றி வந்து டேப்போடு சேர்த்தார். பல்பு எரிந்ததும் கருணாபுரத்துத் தொண்டையில் கொல்லைக்கெல்லாம் கேட்கும்: "த்ரீபேஸ் வந்துச்சு, மோட்டார் போடு!" பக்கத்துக் கொல்லைக்காரர்களும் ஓடுவார்கள். உப்பு கம்மி என்று சொல்லி அண்ணியோடு மல்லுக்கு நின்றாள். அம்மா தொடர்ந்து புலம்பினால் "சும்மா இரு" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்கூட்டரில் திரும்பும்போது வாய்விட்டுப் பாடிக்கொண்டே வந்திருக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. முதுகு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். நான் ஒரு நாள் போனபோது அவள் என்னைப் பார்த்ததும் பலகையில் கையை ஊன்றினாள். முட்டி நடுங்கி நடுங்கி இறங்கியது. "அண்ணன். கார். நானு. போ. மாட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அடுப்படிக்குப் போய் அண்ணியைக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பெரிய அண்ணன் போனில் பேசியிருக்கிறார். அம்மாவுக்கு அப்புறம் பாப்பாவை யார் பார்ப்பது என்ற கவலை. சென்னைப் பக்கம் ஒரு காப்பகம் பார்த்து வைத்திருக்கிறார். ஆயுத பூஜைக்குக் காரில் வருகிறார். மறுநாள் விஜயதசமி நல்ல நாள், அன்றைக்குக் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுவது என்று பேச்சு. அவளிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த அறையில் படுத்திருந்தவள் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது.

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் இன்னா சொல்றது டீச்சர்? கூடப் பொறந்தவங்க பேசிக்கினு இருக்கறாங்க. பாப்பா இல்லாங்காட்டி வூடே ஓடாது. அத நான் சொன்னா, இவ இன்னாத்துக்கு நடுவுல வர்றான்னு ஆயிடும்" என்றார் அண்ணி. அவர் கண் கலங்கியிருந்தது.

நான் வாசலுக்கு வந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பெரிய அண்ணனிடம் பேச வேண்டும் என்பதுதான் அந்தப் பார்வை. பேசத் தெரியாதா எனக்கு? ஒரே போனில் அந்த மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஆனால் முடியாது என்றேன். "இத்தினி வருசம் ஒனக்காக எல்லாரும் பேசினாங்க. நானும் பேசிட்டா இந்த டேப்பு எதுக்கு, நான் எதுக்கு? அண்ணன் வரட்டும். நீ சொல்லு. நான் பக்கத்துல இருப்பேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "போ" என்ற பொத்தானை அமுக்கினாள். அது எனக்குத்தான்.

அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பெரிய அண்ணன் கெட்டவர் கிடையாது. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோமுகி அணைக்குக் கூட்டிப் போய்த் தண்ணீரைக் காட்டியவர். அவர் எதிரில் அந்த வீட்டில் யாருமே குரலை உயர்த்தியதில்லை. இவள் எதிர்த்துப் பேசியே ஆக வேண்டும், பேசாவிட்டால் மறுநாள் காரில் ஏறியாக வேண்டும்.

ஆயுத பூஜை அன்று பகலில் போனேன். பூஜைக்கு வாருங்கள் என்று அண்ணி கூப்பிட்டிருந்தார். வாசலில் இறங்கியதும் ஒரு நொடி நானே அழகில் மயங்கிவிட்டேன். கழுவித் துடைத்த டிராக்டர், அதன் பக்கத்தில் பைக், பெரிய அண்ணனின் கார், எல்லாவற்றுக்கும் மாலை. அந்த வரிசையில் காருக்குப் பக்கத்தில் அவளுடைய சக்கர நாற்காலி. கைப்பிடி இரண்டிலும் சின்ன வாழைக்கன்று கட்டி, முதுகில் சந்தனம் பூசிப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். டிராக்டருக்குச் செய்ததில் ஒன்றுகூட அதற்குக் குறைவில்லை. நாற்காலி ஜோராக இருந்தது. ஆனால் காலியாக இருந்தது.

உள்ளே போனேன். அவள் பாயில் படுத்திருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் கணக்கு நோட்டு, அரிவாள், மண்வெட்டி, ஸ்பானர், அவற்றுக்கு நடுவில் அவளுடைய டேப். நாலு மூலையிலும் சந்தனப் பொட்டு, மேலே ஒரு சாமந்தி. முன்னால் பொரி, கடலை, வாழைப்பழம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் வீட்டிலும் ஆயுத பூஜை உண்டு. ஸ்கூட்டருக்கு மாலை போடுவேன். காலிப்பரை மட்டும் யாரையும் தொட விட்டதில்லை. அதைக் கழற்றி வைத்தால் நான் தரையில்தான் இருக்க வேண்டும். தரையிலிருந்து பார்த்தால் மற்றவர்களின் முழங்கால் மட்டும்தான் தெரியும்.

"டேப்பு எதுக்கு அங்க இருக்குது?" என்றேன்.

"சாமி கிட்ட வெச்சிருக்கேன் டீச்சர்" என்றார் அண்ணி, பெருமையாக. "எங்க வூட்ல எல்லாத்தியும் விட அதுதான ஜாஸ்தி வேல செய்யுது? நாற்காலியும் பாத்தீங்களா? நானே காலையில எழுந்து தொடச்சேன்." அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிக் கத்துவேன்? ஆசையாகச் செய்திருக்கிறார். பூஜையில் வைத்த பொருளை மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். மறுநாள் காலையில் எடுத்துக் கொடுத்தால் அவள் காரில் உட்கார்ந்துகொண்டு பேச வேண்டியதுதான்.

பெரிய அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து படுத்திருந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்ல எடம்மா. ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்குது. காலையில வெள்ளன கெளம்பினா மத்தியானத்துக்குள்ள சேத்துட்டு..." அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். சின்ன அண்ணன் தரையைப் பார்த்து நின்றார். வாயைத் திறந்தால் என் வாக்கு போய்விடும், திறக்காவிட்டால் அவள் வாழ்க்கை போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பாய் சரசரத்தது. அவள் புரண்டாள். குப்புறப் படுத்தாள். முழங்கையை ஊன்றி, உடம்பை இழுத்தாள். அவள் அப்படி நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. "பாப்பா, இன்னா வேணும்?" என்று சின்ன அண்ணன் குனிந்தார். அவள் கண்ணை இறுக மூடி, வேண்டாம் என்றாள். மறுபடி ஒரு இழுப்பு. பாயை விட்டு இறங்கி, சிமெண்டுத் தரையில் வந்து, சாமி படத்துக்கு நேராகப் போனாள். பொரித் தட்டு கவிழ்ந்து அறை முழுக்கப் பொரி சிதறியது. இடது கையைத் தூக்கி டேப்பின் மேல் போட்டாள். சாமந்தி எகிறி விழுந்தது. முட்டி ஓர் ஓட்டைக்குள் இறங்கியது.

"சும்மா இரு!" என்றது கருணாபுரத்துக் குரல்.

பெரிய அண்ணன் பேச்சை நிறுத்தினார். அந்த வீட்டில் யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை அது.

"நானு சொல்றேன்" என்றாள். சந்தனம் அவள் கையில் ஒட்டி, அடுத்த ஓட்டையில் வழுக்கியது. தவறான படம் அமுங்கி "உப்பு கம்மி" என்றது. யாரும் சிரிக்கவில்லை. அவள் கையை எடுத்து, மறுபடி வைத்தாள். "நானு. போ. மாட்டேன்."

"ஐயோ, பூஜையில வெச்சதத் தொட்டுட்டாளே!" என்று அம்மா பதறினார்.

அண்ணி சட்டென்று தரையில் உட்கார்ந்தார். "வெச்சவ நான்தான அத்தே. நானே எடுத்துக் குடுக்கறேன். சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்." டேப்பை எடுத்து, ஓட்டைகளில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் தன் புதுப்புடவையின் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்து, அவள் கைக்கு வாட்டமாக வைத்தார். அப்புறம் அவளைத் தன் மடியில் சாய்த்து உட்கார வைத்தார். அதுவரை இந்த விஷயத்தில் வாயே திறக்காதவர், பெரிய அண்ணனை நிமிர்ந்து பார்த்து, "இப்ப கேளுங்க மாமா, அது கிட்டயே கேளுங்க" என்றார்.

பெரிய அண்ணன் கட்டிலை விட்டு இறங்கிப் பொரி மேலேயே உட்கார்ந்தார். அவர் டேப் பேசுவதைப் போனில் கேட்டிருக்கிறார், நேரில் இதுதான் முதல் தடவை. "பாப்பா, ஒன்ன வேணான்னு அனுப்பல. அம்மாவால முடியல. அம்மாக்கு அப்புறம் யாரு ஒன்னப் பாத்துக்குவா? எனக்கு அதான் பயம்" என்றார்.

அவள் நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். வேர்வை சொட்டியது. "அண்ணி." பிறகு, "சின்ன அண்ணன்." பிறகு தன் நெஞ்சில் ஒரு தடவை கையை மோதிக்கொண்டு, "நானு." கடைசியாக இரண்டு பொத்தான்கள். "வூடு. இங்க."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கொல்லைக்காரர் பூஜைப் பொரியோடு வாசலில் வந்து நின்று, "இன்னா, இன்னிக்கி உங்க வூட்டு மைக்கு லீவா? கரண்டு வந்து எவ்ளோ நேரம் ஆவுது, சத்தமே காணோம்!" என்றார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு வந்ததே கோபம். "இதக் கூட்டிகினு போயிட்டா எங்க கொல்லிக்கு எவன் வந்து கரண்டு சொல்லுவான்?" என்று பெரிய அண்ணனிடமே கேட்டார். எனக்கு அந்தக் காரணம் பிடிக்கவில்லை. கரண்டு சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது அவள் வீடு. ஆனால் அவள் சிரித்துவிட்டாள். உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். அதைப் பார்த்துப் பெரிய அண்ணனும் கண்ணீரும் சிரிப்புமாக, "சரி பாப்பா. நீ சொல்லிட்ட. போதும்" என்றார்.

நான் அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து அழுதேன். துக்கம் துளிகூட இல்லை. ஜெயித்த அழுகை அது.

வண்டிகளுக்குக் கற்பூரம் காட்டி முடிந்ததும் எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும். டிராக்டர் நசுக்கியது, பைக் நசுக்கியது, கார் நசுக்கியது. பெரிய அண்ணன் அவளைத் தூக்கி வந்து, வாழைக்கன்றுக்கு நடுவில் உட்கார வைத்து, நாற்காலியைத் தள்ளினார். லேசான சக்கரம், பழம் நசுங்காமல் உருண்டு ஓடியது. அவர் ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி வைத்தார். மறுபடி ஓடியது. கடைசியில் சின்ன அண்ணன் ஒரு பக்கம், பெரிய அண்ணன் ஒரு பக்கம் நாற்காலியை அழுத்திப் பிடிக்க, பழம் சப்பென்று பிளந்து பெரிய அண்ணனின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. "இன்னா?" என்று கேட்டது கருணாபுரத்துக் குரல். கொல்லையே சிரித்தது.

மறுநாள் விஜயதசமி. எழுத்துத் தொடங்குகிற நாள். இனிமேல் படங்களோடு எழுத்தும் பழகலாம், நினைத்ததையெல்லாம் தானே எழுதிப் பேசலாம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். காலையிலேயே போய்விட்டேன். பெரிய அண்ணன் சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவளை உட்கார வைக்க என்று தலையணை போட்டிருந்த பின்சீட்டில் இப்போது ஒரு வாழைத்தாரும் பொரி மூட்டையும் இருந்தன. அவள் நாற்காலியில் வாசலில் இருந்தாள். கைப்பிடியில் வாழைக்கன்று இன்னும் வாடவில்லை.

அவர் குனிந்து அவள் தலையைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறினார். வண்டி நகர்ந்தது. அவள் அவசரமாகப் பலகையில் கையை ஊன்றினாள். ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்தது. முட்டி மூலைக்குப் போய், அதுவரை அவள் ஒரு தடவைகூடத் தொடாத ஓட்டைக்குள் இறங்கியது.

"போய்ட்டு வா!"

கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. பெரிய அண்ணன் தலையை வெளியே நீட்டி, "போய்ட்டு வரேன், பாப்பா" என்றார்.